பனங்கிழங்கு

சர்க்கரை சேராத சிற்றுண்டி எதுவென்று பட்டணவாசிகள் இன்று கடைகடையாக ஏறி விசாரிக்கும்போது, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தலைமுறை தலைமுறையாக ஏழை எளியோரின் பசியாற்றிய பனங்கிழங்கு அவர்களில் பலருடைய நினைவுக்கு வராமற்போவது எனக்குப் பெரிய மனக்குறை.

இதில் விசேஷம் யாதெனில், கிழங்குக்கு ஆதாரமான அதே மரந்தான் கருப்பட்டிக்கும் ஆதாரம். பாளையைச் சீவிப் பதநீர் இறக்கிய குலையில் காய் பிடிக்காது. ஆகவே சீவாமல் விட்ட பெண்பனைகளே நுங்கும் பழமும் தரும். கோடையெல்லாம் மரமேறிப் பதநீர் இறக்கிக் காய்ச்சிய குடும்பத்தார், உடன்குடிக் கருப்பட்டியை வெளியூருக்கு விற்று நெல் வாங்கினார்கள். மழை பிடித்து மரமேற்றம் நின்று, கையில் காசு வற்றிய மாதங்களில் அவர்களைத் தாங்கியது இனிப்பேயில்லாத இந்தக் கிழங்குதான். வில்லியம் பெர்குசன் என்பவர் 1850-ஆம் ஆண்டில் கொழும்பில் பனையைப் பற்றித் தனி நூலொன்றே வெளியிட்டார்; பனையின் 801 பிரயோஜனங்களைப் பாடும் தால விலாசம் என்னும் தமிழ்ப் பிரபந்தத்தையும் அதில் குறிப்பிட்டிருக்கிறார். அத்தனை பிரயோஜனங்களிலும் கிழங்கைப்போல் வறியவருக்கு அணுக்கமாக நின்றவை சிலவே என்பது என் துணிபு.

ஆவணி, புரட்டாசியில் பழுத்து விழும் பனம்பழத்தைச் சுட்டும் அவித்தும் தின்றபின் எஞ்சும் கொட்டைகளை அக்காலத்தில் ஒருவரும் வீணாக்கமாட்டார்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் இருக்கும். அவற்றைச் சேர்த்துவைத்து, மணலை மேடாகக் குவித்துப் பாத்தி கட்டி, நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடிவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை நனைத்ததும் கொட்டையிலிருந்து புறப்படும் முளை, ஏனைய விதைகளின் முளையைப்போல் மேலே தலைகாட்ட அவசரப்படாமல், மணலைத் துளைத்துக்கொண்டு நேரே கீழிறங்கி, கொட்டைக்குள்ளிருந்த சத்தையெல்லாம் இழுத்து மாவாகத் தன்னுள் சேமிக்கிறது. பாத்தியை மேடாகக் கட்டும் காரணம் இதுதான். அடித்தரை கடினமானால் கிழங்கு கோணிச் சிறுத்துப்போகும். மார்கழி, தையில், ஓலை விரியுமுன் அதைத் தோண்டிவிட வேண்டும். தாமதித்தால் சேமித்த மாவு ஓலைக்குச் செலவாகி, கிழங்கு வெறும் நாராய்விடும். கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சுபோன்ற தவுண் இருக்கும். அதற்குப் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

உப்பும் மஞ்சளும் இட்டு அவித்த கிழங்கைத் தோலுரித்து, நுனியை ஒடித்தெறிந்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவிலுள்ள தண்டை நீக்கியபின், நாரைச் சிறிது சிறிதாகக் கிழித்து மென்று தின்ன வேண்டும். அவசரமாக விழுங்குவதற்கு அது இடந்தராது. நார்ச்சத்து மிகுந்திருப்பதால் ஒன்றிரண்டிலேயே பசி அடங்கிவிடும். மாச்சத்தும் உண்டாகையால் நீரிழிவுள்ளோர் அளவறிந்து உண்பது நலம். தென்மாவட்டங்களில் பொங்கற்பானைக்கு அருகே கரும்போடும் மஞ்சட்குலையோடும் கிழங்கும் இடம்பெறுகிறது. மணமாகிப்போன பெண்ணுக்குப் பிறந்தகத்தார் கொண்டுபோகும் பொங்கற்சீரிலும் அது உண்டு.

யாழ்ப்பாணத்தார் ஒருபடி மேலே சென்று, இரண்டு மாதத்துப் பண்டத்தை ஆண்டு முழுவதற்குமான ஆகாரமாக்கினார்கள். பச்சைக் கிழங்கைப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை மாவாக்கிக் கசப்பு நீங்க நீரில் ஊறவைத்து வடித்து, மீனும் இறாலும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் கூட்டிக் கூழ் காய்ச்சுவார்கள். புழுக்கொடியலோ வெறுமனே கடிப்பதற்குரியது. ஒரு துண்டை ஒடித்துத் தேங்காய்ச் சொட்டுடன் வாயிலிட்டால் பல்லுக்கு நல்ல வேலை, நாவுக்கும் குறையில்லை. கொழும்பில் உத்தியோகம் பார்த்த பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து போன பொட்டலங்களில் அதற்கு நிச்சயமான இடம் இருந்தது.

இத்தகைய பண்டம் செல்வாக்கு இழந்ததற்கு வெள்ளைச் சர்க்கரை மலிந்தது ஒரு முக்கியமான காரணம் என்றே நான் எண்ணுகிறேன். இந்தியாவில் இறக்குமதிச் சர்க்கரைமீது வரி விதித்து உள்நாட்டுத் தொழிலுக்குக் காப்பளித்த 1932-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் ஆலைகள் விரைவாகப் பெருகின; காலக்கிரமத்தில் கிராமத்துச் சிறுகடையிலும் மிட்டாய்ப் புட்டிகள் வரிசைகட்டின; கிழங்கு தின்பது வறுமையின் அடையாளம் என்ற எண்ணமும் கூடவே பரவிற்று. மரங்களும் செங்கற்சூளைக்கு விறகாயின. கலெக்டரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று தமிழ்நாட்டு அரசு 2021-ல்தான் அறிவித்தது.

இப்போதும் பொங்கலையொட்டித் தென்னாட்டுச் சந்தைகளில் 25 கிழங்கு கொண்ட கட்டுகள் வந்து குவிகின்றன, புழுக்கொடியலும் கிடைக்கிறது. மாவாகப் பொட்டலமிட்டு வருவனவற்றில் இனிப்புக் கலந்தவையும் உண்டாதலால், வாங்குவோர் கிழங்காகவோ புழுக்கொடியலாகவோ கேட்டு வாங்குவதே உத்தமம்.