சுற்றுச்சூழல் நாளும் நம் தோட்டத்து ஓடையும்



ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாளைக் கொண்டாடுகிறோம். மரக்கன்று நடுகிறோம், சித்திரம் வரைகிறோம். "இந்த நாள் எதுக்கு வந்துச்சு, சார்?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1972ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாட்டு மாநாடு ஒன்று தொடங்கியது. கெட்டுப்போன காற்றையும் நீரையும் பற்றி உலக நாடுகள் கூடிப் பேசின. அந்த நாளே சுற்றுச்சூழல் நாளாயிற்று.

அக்காலத்தில் நம் தோட்டத்து ஓடைகளின் நிலை என்ன? ரப்பர்ப் பாலில் அமிலம் ஊற்றி உறைய வைத்தபின் மிஞ்சும் புளித்த நீர் ஓடைகளில் கலந்தது. செம்பனை ஆலையிலோ, ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய 2½ டன் கழிவுநீர் மிஞ்சும். அது ஆற்றில் இறங்கினால் நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்துபோகும். மீன்கள் செத்து மிதக்கும். பால்மரம் வெட்டிய என் பாட்டி சொல்வார்: "ஸ்டோருக்குக் கீழ அந்த ஓடையில காலை வச்சா, சோப்புப் போட்டாலும் நாத்தம் போகாதுடா."

நம் நாட்டில் 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ்ச் செம்பனை ஆலைகளுக்கு 1977இலும் ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் விதிகள் வந்தன. செம்பனைக் கழிவுநீர் ஒரு லிட்டருக்கு எவ்வளவு உயிர்வளியைத் தின்னலாம் என்று வரம்பு கட்டினார்கள். 1978இல் 5,000 மில்லிகிராம். படிப்படியாகக் குறைத்து 1984இல் 100 மில்லிகிராம். ஆலைகள் வரிசையாகக் குளங்களை வெட்டிக் கழிவுநீரைத் தேக்கின. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்த்தபின்பே நீர் ஆற்றுக்குப் போனது. ஆறே ஆண்டுகளில் 5,000 எங்கே, 100 எங்கே! மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று நம் ஓடைகளையும் கால்வாய்களையும் பாருங்கள். பிளாஸ்டிக் பையும் போத்தலும் மிதக்கின்றன. மலையில் பிறந்து, கோலாலம்பூரில் கோம்பாக் ஆற்றோடு கூடி, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடி, கிள்ளான் நகர் தாண்டிக் கடல் சேரும் கிள்ளான் ஆறு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளம். இந்த வட்டாரத்தில் நாம் வீசும் குப்பையில் ஒரு பகுதி கடைசியில் அந்த ஆற்றுக்குத்தான் போகிறது.

ஆலைக்கு அதிகாரி வந்து சோதனை போடுவார். நம் வீட்டுக் கொல்லைக்கு யார் வருவார்? தாய் தகப்பன்தான் அங்கே அதிகாரி.

பெற்றோர்களே, விழா முடிந்து வீடு திரும்பும்போது உங்கள் கையிலுள்ள தண்ணீர்ப் போத்தலைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.