பரிவலுவும் பந்தய வெற்றியும்

மன்னார் நகரத் தெருக்களில் கழுதைகள் கூட்டங்கூட்டமாகத் திரிவதை இன்றுங் காணலாம். பண்டைக் காலத்தில் கடல் கடந்து வந்த வணிகர் பொதி சுமப்பதற்காகக் கொணர்ந்த விலங்குகளின் வழித்தோன்றல்கள் அவை என்பர். மன்னார்க் குடாவின் எதிர்க்கரையிலுள்ள காயல் துறைமுகத்திலோ அரேபியக் குதிரைகள் வந்திறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு அரசர் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் 100கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பேணும் முறை அறியாமையே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. வேகத்தை விலைக்கு வாங்க முடிந்தது. அதனைக் காக்கும் அறிவு உடன்வரவில்லை.

பந்தய வகை மோட்டார்ச் சைக்கிள் வாங்க விரும்பும் இக்கால இளைஞர் முதலில் வினவுவன இரண்டு: அதன் பரிவலு எவ்வளவு? எந்தப் பந்தயத்தில் அது வென்றது?

பரிவலு என்னும் அளவையை வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஜேம்ஸ் வாற். தமது நீராவி இயந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று காட்டவே அவர் அதனை வகுத்தார். நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் வேலை ஒரு பரிவலு. அவர் அளவுகோலாகக் கொண்டது பந்தயக் குதிரையை அன்று. ஆலையில் வட்டமிட்டு உழைத்த குதிரையையே.

பந்தயத்தின் வரலாறும் இத்தகையதே. 1907ஆம் ஆண்டு ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவில் தொடங்கிய புகழ்பெற்ற போட்டி, சாதாரணப் பயண வண்டிகளைச் சோதிப்பதற்காக ஏற்பட்டது. எரிபொருட் செலவுக்கும் அங்கே வரம்பு இருந்தது. இரட்டை உருளை நோர்ட்டன் வண்டியைச் செலுத்திய ரெம் ஃபவுலரே மிக விரைவான சுற்றை ஓடி முடித்தார். எனினும் பழுதுகளால் பலமுறை நிற்க நேர்ந்தது. ஒற்றை உருளை மாட்ச்லெஸ் வண்டியில் சென்ற சார்லி கோலியர், மணிக்குச் சராசரி 38 மைல் வேகத்தில் ஓடி, அவரினும் முன்னதாக முழுத் தூரத்தையும் கடந்தார். தளராத ஓட்டம் அன்று வேகத்தை வென்றது.

பந்தயம் பயனற்றது என்று இதனாற் கொள்ளலாகாது. பிரேக், டயர், இயந்திரம் ஆகியவற்றின் உறுதி அங்கேதான் கடுஞ்சோதனைக்கு உள்ளாகின்றது. ஆயின், வென்ற வண்டியும் கடையில் விற்கும் வண்டியும் ஒன்றா என்பதை ஆராய வேண்டும். 1988இல் தொடங்கிய உலக சூப்பர்பைக் போட்டியில் ஓடுபவை, விற்பனை வண்டிகளை அடிப்படையாகக் கொண்டவை. மோட்டோஜிபியில் ஓடுபவையோ போட்டிக்கென்றே கட்டப்படுபவை. மேலும், பந்தய இயந்திரம் தன் முழுப் பரிவலுவையும் மிக வேகமாகச் சுழலும்போதே தருகின்றது. ஊர்த்தெருவில் அவ்வேகத்திற்கு இடமில்லை.

மன்னாரிலிருந்து தலைமன்னார் செல்லும் சாலை சமதரையானது. பெரும் பரிவலுவை வேண்டும் ஏற்றம் அங்கில்லை. சோளகக் காற்று பக்கத்திலிருந்து தள்ளும். மணல் சாலையிற் படியும். கடலுப்பு சங்கிலியை அரிக்கும். இரவில் கழுதைகள் நடுச்சாலையிற் படுத்திருக்கும். அவற்றுள் ஒன்று திடீரென விளக்கொளியிற் தோன்றும் கணத்தில், ஓட்டுபவரின் உயிரையும் அவ்விலங்கின் உயிரையும் காப்பவை நல்ல பிரேக்கும், பிடிமானமுள்ள டயரும், கைக்கடங்கிய வேகமுமே. வண்டி தெரிபவர் பரிவலுவை அதன் பின்னர் வினவினாற் போதும்.