பொதுத் தொலைக்காட்சியும் பொதுப் பணமும்

ஊருணி நீரை ஊரார் அனைவரும் மொண்டு பயன் கொள்வர். ஆயினும், அதனைத் தூர்வாரும் செலவை யார் ஏற்பது என்னும் வினா எழும்போதுதான் அதன் உரிமையாளர் யார் என்பது விளங்கும். செல்வர் ஒருவர் ஏற்பின், கரையில் அவர் சொல்லே செல்லும். ஆட்சியாளர் ஏற்பின், அவர் முகக்குறிப்பை நோக்கியே மதகு திறக்கும். வீட்டுக்கு இவ்வளவு எனக் குடிகள் தாமே வரி தந்து ஏற்பின், ஊருணி ஊராரின் உடைமையாகவே நிற்கும். வானலையும் இத்தகைய பொது உடைமையே. அதனைப் பேணும் செலவை யார் தருவது என்னும் வினாவுக்கு உறுதியான விடை காணாமல் பொதுத் தொலைக்காட்சியை அமைத்த நாடு அமெரிக்கா. அதன் வரலாறு ஆராயத்தக்கது.

இரு வழிகள்

வானொலி தோன்றிய 1920களிலேயே இரு வழிகள் பிரிந்துவிட்டன. பிரிட்டனில் 1922ஆம் ஆண்டு முதல் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் உரிமக் கட்டணம் செலுத்தினர். 1927இல் அரச சாசனத்தின் கீழ் பி.பி.சி. பொதுக் கழகமாயிற்று. 1936 நவம்பரில் அக்கழகம் தொடங்கிய தொலைக்காட்சிக்கும், போருக்குப் பின் 1946இல் தனி உரிமக் கட்டணம் ஏற்பட்டது. சிங்கப்பூரில் 1963இல் தோன்றிய தொலைக்காட்சியும் நெடுங்காலம் உரிமக் கட்டண முறையைப் பின்பற்றியது. 2011இல்தான் அக்கட்டணம் நீக்கப்பட்டது.

அமெரிக்காவோ வேறு வழியிற் சென்றது. அங்கு வானலை வணிகர் கைக்குச் சென்றது. விளம்பரமே வருவாய், வருவாயே குறிக்கோள். வீட்டிலிருந்து காண்போர் கட்டணம் செலுத்தவில்லை. எனவே, நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லாது போயிற்று.

ஒதுக்கப்பட்ட அலைவரிசைகள்

இந்நிலையில் கல்விக்கெனச் சில அலைவரிசைகளையேனும் ஒதுக்க வேண்டும் என்று போராடியவர், கூட்டரசுத் தொடர்பு ஆணையத்தின் முதற் பெண் உறுப்பினரான ஃபிரீடா ஹென்னாக் அம்மையார். அவர்தம் முயற்சியின் பயனாக 1952இல் 242 அலைவரிசைகள் வணிகமல்லாக் கல்விப் பணிக்கென ஒதுக்கப்பட்டன. மறு ஆண்டு மே 25ஆம் நாள் ஹூஸ்டன் நகரில் பல்கலைக்கழகம் ஒன்றின் சார்பில் முதல் நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது.

இடம் கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை. ஃபோர்டு அறநிலையத்தின் கொடையே அந்நிலையங்களை வாழவைத்தது. நிகழ்ச்சிப் படச்சுருள்கள் ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்கு அஞ்சலில் சென்றன. ஓரூரில் இவ்வாரம் கண்டதை மற்றோர் ஊரார் பல வாரங்கள் கழித்தே கண்டனர். சான் பிரான்சிஸ்கோ நிலையத்தார் நன்கொடைப் பொருள்களைத் தொலைக்காட்சியிலேயே ஏலம் விட்டுப் பணம் திரட்டினர். 1962இல் நடுவண் அரசு 3 கோடியே 20 இலட்சம் வெள்ளி வழங்க முன்வந்தது. ஆனால், அது கருவிகளும் கட்டடங்களும் அமைப்பதற்கே அன்றி நிகழ்ச்சி தயாரிப்பதற்கு அன்று.

கார்னகி குழுவின் திட்டம்

இக்குறையைப் போக்க வழி காணுமாறு அமைக்கப்பட்டதே கார்னகி குழு. ஜேம்ஸ் கில்லியன் தலைமையில் ஆராய்ந்த அக்குழு, 1967 ஜனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. ‘கல்வித் தொலைக்காட்சி’ என்ற பழம்பெயரை விடுத்துப் ‘பொதுத் தொலைக்காட்சி’ என்ற புதுப்பெயரை நிலைநிறுத்தியது இவ்வறிக்கையே. பள்ளிப் பாடத்தோடு நின்றுவிடாமல் கலை, அரசியல், அறிவியல், நாட்டு மக்களின் பல்வகை வாழ்க்கை ஆகிய அனைத்தையும் காட்டுவது பொதுத் தொலைக்காட்சியின் கடன் என்று அது கருதியது.

குழுவினர் இரண்டு காப்புகளை வற்புறுத்தினர். பொதுக் கழகம் ஒன்றின் ஆட்சிக் குழுவில் பன்னிருவர் இருத்தல் வேண்டும். அவருள் அறுவரை மட்டுமே அதிபர் அமர்த்துதல் வேண்டும். ஏனைய அறுவரை அவர்களே தேர்ந்துகொள்ளுதல் வேண்டும் என்பது முதற் காப்பு. விற்பனையாகும் தொலைக்காட்சிப் பெட்டிகளின் மீது 2 விழுக்காடு தொடங்கி 5 விழுக்காடு வரை தீர்வை விதித்து, அத்தொகையைத் தனி நிதியாக வைத்துக் கழகத்துக்கு வழங்குதல் வேண்டும் என்பது இரண்டாவது. ஆண்டுதோறும் அரசியலாரிடம் கையேந்தி நிற்கும் நிலை வாராமல் தடுப்பதே இதன் நோக்கம்.

சட்டம் கொண்டதும் தள்ளியதும்

அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அதிபர் ஜான்சன் பொது ஒலிபரப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கழகம் பிறந்தது. ஆயின், அறிக்கையின் இரு காப்புகளும் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆட்சிக் குழுவினர் பதினைவரையும் அதிபரே செனட் சபையின் இசைவுடன் அமர்த்தலாயினர். தீர்வை கைவிடப்பட்டது, மக்கள் மன்றம் அவ்வப்போது ஒதுக்கும் தொகையே கழகத்தின் உணவாயிற்று. வீடு கட்டியவர்கள் கிணறு வெட்ட மறந்தார்கள் எனலாம்.

எனினும், சட்டத்தில் நல்ல கூறுகளும் இருந்தன. கழகம் தானே நிலையம் நடத்தக் கூடாது. தானே ஒளிபரப்பவும் கூடாது. பெறும் பணத்தின் பெரும்பகுதியை நாடெங்கும் உள்ள நிலையங்களுக்குப் பகிர்ந்தளிப்பதே அதன் தொழில். நிலையங்களை இணைப்பதற்கு 1969இல் பி.பி.எஸ். என்னும் அமைப்பு நிறுவப்பெற்றது. 1970 அக்டோபரில் அது பணி தொடங்கியது. வணிக நிறுவனங்களில் தலைமையிடம் ஆணையிடும், கிளைகள் பணியும். இங்கோ உறுப்பினரான நிலையங்களே பி.பி.எஸ். அமைப்பின் உரிமையாளர்கள். அந்நிலையங்களைப் பல்கலைக்கழகங்களும், மாநில அரசுகளும், பள்ளி வாரியங்களும், ஊர்ப் பொதுச் சங்கங்களும் நடத்துகின்றன. அவை முந்நூற்றுக்கும் மேற்பட்டவை.

பி.பி.எஸ். தானே நிகழ்ச்சி தயாரிப்பதில்லை. பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் ஆகிய நகரங்களின் பெரிய நிலையங்களும் தனித் தயாரிப்பாளர்களும் ஆக்கித் தருபவற்றை அது நிலையங்களுக்கு வழங்குகிறது. 1974 முதல் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை சந்தையை ஒத்திருந்தது. முன்மொழியப்பட்ட நிகழ்ச்சிகளின் பட்டியலைப் பார்த்து, எவற்றுக்குத் தம் பணத்தைத் தருவது என்று நிலையங்களே பல சுற்றுகளாக வாக்களித்தன. பழகிய நிகழ்ச்சிகள் எளிதில் வென்றன, புதுமுயற்சிகள் தோற்றன. ஆகவே, பின்னர் அப்பொறுப்பு தலைமையிடத்தில் ஓர் அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது. எல்லாரும் கூடித் தேர்ந்தெடுப்பது நேர்மைக்கு நன்று. துணிவுக்கு நன்றன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

ஆறு நிமிடப் பேச்சு

1969 மே முதல் நாள். கழகத்துக்கென முன்மொழியப்பட்டிருந்த 2 கோடி வெள்ளியைப் பாதியாகக் குறைக்கப் புதிய அதிபர் நிக்சன் விரும்பினார். செனட் துணைக்குழுவின் முன் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நடத்திவந்த ஃபிரெட் ராஜர்ஸ் என்பவர் வந்தமர்ந்தார். குழந்தைக்குச் சினம் வந்தால் அதனை அடக்கியாளும் வகையை அன்போடு கற்பிப்பதே தம் பணி என்று ஏறத்தாழ ஆறு நிமிடம் அமைதியாகப் பேசினார். கடுமைக்குப் பெயர்பெற்ற தலைவர் பாஸ்டோர் உள்ளம் நெகிழ்ந்து, அந்த 2 கோடியும் கிடைத்துவிட்டது என்னும் பொருள்படக் கூறினார். அவ்வாண்டு நவம்பர் 10ஆம் நாள் ‘செசமி ஸ்ட்ரீட்’ தொடங்கியது. நகர்ப்புற ஏழைக் குழந்தைகள் பள்ளியிற் சேருமுன்பே எழுத்தும் எண்ணும் அறிய வேண்டும் என்னும் நோக்குடன், ஆசிரியரும் உளநூலாரும் கூடி ஆராய்ந்து உருவாக்கிய நிகழ்ச்சி அது.

முதற் சோதனை

இனிய சொல் எப்போதும் காவாது. 1972 ஜூன் 30ஆம் நாள், இரண்டு ஆண்டுகளுக்கு 15 கோடியே 50 இலட்சம் வெள்ளி வழங்கும் மசோதாவை நிக்சன் தடுத்துவிட்டார். அதிகாரம் தலைமையிடத்தில் குவிகிறது என்பது அவர் சொன்ன காரணம். அரசியல் நிகழ்ச்சிகள் மீது கொண்ட வெறுப்பே உள்நின்ற காரணம் என்பதைப் பின்னர் வெளியான வெள்ளை மாளிகை ஆவணங்கள் காட்டின. கழகத்தின் தலைவர்கள் பதவி துறந்தனர்.

ஆனால், காலம் விந்தையானது. மறு ஆண்டு வாட்டர்கேட் விசாரணை நடந்தபோது அதனை முழுமையாக இரவுதோறும் ஒளிபரப்பியது அதே பொதுத் தொலைக்காட்சி. மக்கள் கண்விழித்துக் கண்டனர், நன்கொடையும் பெருகியது. 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார். 1975இன் இறுதியில் புதிய நிதிச் சட்டம் வந்தது. நிலையங்கள் தாமே திரட்டும் ஒவ்வொரு இரண்டரை வெள்ளிக்கும் அரசு ஒரு வெள்ளி தரும். தொகையும் முன்கூட்டியே ஒதுக்கப்படும். இவ்வாண்டு நிகழ்ச்சியின் மீது கொண்ட சினத்தை இவ்வாண்டுத் தொகையில் காட்ட இயலாது என்பதே அதன் நுட்பம்.

இவ்வேலி அரை நூற்றாண்டு நின்றது. அரசின் பங்கு பொதுத் தொலைக்காட்சி வருவாயில் ஏறத்தாழ 15 விழுக்காடு. எஞ்சியதை உறுப்பினர் நன்கொடையும், மாநிலங்களும், பல்கலைக்கழகங்களும், அறநிலையங்களும், நிறுவனங்களும் அளித்தன. ஆயின், சராசரி என்பது மெய்ந்நிலையை மறைக்கும். பெருநகர நிலையம் செல்வரை நாடலாம். அலாஸ்காவின் பனிநிலத்திலும் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலும் உள்ள சில நிலையங்களோ வருவாயில் பாதிக்கு மேல் அரசையே நம்பி இருந்தன.

இரண்டாம் சோதனை

2025ஆம் ஆண்டு, ராஜர்ஸ் பேசிய அதே மே முதல் நாளில், பி.பி.எஸ். அமைப்புக்கு நடுவண் அரசின் பணம் செல்வதை நிறுத்துமாறு அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். ஒருதலைச் சார்புடையோருக்குப் பொதுப் பணம் ஏன் என்பது அவர்தம் கட்சியினரின் வாதம். பல வாயில்கள் திறந்துவிட்ட காலத்தில் அரசுத் துணை தேவையில்லை என்றும் அவர்கள் கூறினர். ஜூலை 24ஆம் நாள், முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 110 கோடி வெள்ளியும் சட்டத்தால் திரும்பப் பெறப்பட்டது. ஒரு வாரத்தில் கழகம் தன் பணியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது; 2026 ஜனவரியில் தன்னைக் கலைத்துக்கொள்ள அதன் ஆட்சிக் குழு வாக்களித்தது. பி.பி.எஸ். நிற்கிறது, ஆனால், தன் செலவில் 21 விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டு நிற்கிறது. பாஸ்டனும் நியூயார்க்கும் தாங்கும். சிற்றூர் நிலையங்களுக்கே பேரிடர்.

வரலாறு கூறுவது

உரிமக் கட்டணமும் குறையற்றதன்று. பிரிட்டனில் அதன் அளவை அறுதியிடுவோர் ஆட்சியாளரே; செல்வரும் வறியரும் ஒரே தொகை தருவது முறையா என்னும் வினாவும் உண்டு. எனினும், கொடுப்போர் மக்கள் என்பது அதில் வெளிப்படை. அமெரிக்கச் சட்டம் செய்தோர் நிலையங்களின் உரிமையைப் பரவலாக்கினர்; தேர்வைப் பரவலாக்கினர்; பணத்தின் ஊற்றை மட்டும் ஒரே இடத்தில் விட்டுவைத்தனர். முன்கூட்டி ஒதுக்கும் முறை, ஒதுக்கியதைத் திரும்பப் பெறமாட்டார்கள் என்னும் நம்பிக்கையின் மேல் நின்றது. நம்பிக்கை ஒழிந்த நாளில் வேலியும் ஒழிந்தது. 1967இல் கார்னகி குழுவினர் கேட்ட சிறு தீர்வை ஏற்கப்பட்டிருப்பின், 1972இன் இன்னலும் 2025இன் இன்னலும் இவ்வளவு எளிதில் நேர்ந்திரா. பொது நிறுவனம் காண விழைவோர் முதலில் எண்ண வேண்டுவது அதன் ஊற்றுக்கண்ணையே ஆகும்.