வால்வு பம்புக்கு முன்னா, பின்னா?

1952 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் ஹாரி பெர்குசனுக்கு 92.5 லட்சம் டாலர் கொடுத்து, நான்கு ஆண்டுகளாக நடந்த வழக்கை முடித்துக்கொண்டது. தொகையோடு நிபந்தனைகளும் இருந்தன. ஹைட்ராலிக் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் கட்டுப்பாட்டு வால்வை வைக்கும் பெர்குசனின் அமைப்பை அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபோர்டு கைவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பழைய டிராக்டரில் கூடுதலாக ஒரு ஹைட்ராலிக் வால்வு பொருத்த நினைப்பவர் இன்றும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அந்த நிபந்தனைக்குள் இருக்கிறது. வால்வு பம்புக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா?

பெர்குசன் 1884-ல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தானே கட்டிய விமானத்தை 1909 டிசம்பர் 31 அன்று ஓட்டி, அயர்லாந்து மண்ணில் முதலில் பறந்தவர் என்று பெயர் வாங்கியவர். முதல் உலகப் போர்க் காலத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்க டிராக்டர்கள் இறக்கப்பட்டபோது, அவை உழும் விதத்தை வயலிலேயே நின்று கவனிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அங்கே ஓர் ஆபத்து அவர் கண்ணில் பட்டது. அன்றைய டிராக்டர்கள் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்துச் சென்றன. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் பின்சக்கரம் சுழல இடமின்றி முன்பக்கம் எழும்பும். வண்டி ஓட்டுநர் மீதே கவிழும். உயிர்கள் போயின.

கலப்பையும் டிராக்டரும் ஒரே உடலாக இருந்தால் இந்த ஆபத்து தீரும் என்று பெர்குசன் எண்ணினார். கீழே இரண்டு இணைப்புக் கைகள், மேலே ஒரு டாப் லிங்க். கலப்பை மண்ணைக் கிழிக்கும்போது டாப் லிங்க் முன்னோக்கி அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தமே டிராக்டரின் முன்பக்கத்தைத் தரையில் பிடித்து வைக்கிறது. அதே அழுத்தத்தை ஒரு ஸ்பிரிங் வழியாக ஹைட்ராலிக் வால்வுக்குக் கொண்டுபோனார். மண் இறுகி இழுவை கூடினால் வால்வு திறந்து கலப்பை சற்றே உயரும். இழுவை குறைந்தால் மறுபடி இறங்கும். ஓட்டுநர் லிவரைத் தொட வேண்டியதில்லை. இதற்கான காப்புரிமைக்கு அவர் 1925-ல் விண்ணப்பித்தார்.

டேவிட் பிரவுன் நிறுவனத்தோடு சேர்ந்து 1936-ல் ஒரு டிராக்டர் வெளியிட்டார். 1938-ல் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டுக்குச் செயல்விளக்கம் காட்டினார். எழுத்தில் எதுவும் இல்லாமல், கைகுலுக்கலிலேயே ஒப்பந்தம் முடிந்தது. 1939 ஜூனில் ஃபோர்டு 9 என் டிராக்டர் வந்தது. ஹென்றி ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்த பிறகு அந்த உறவு முறிந்தது. 1947-ல் ஃபோர்டு 8 என் டிராக்டரைத் தானே விற்கத் தொடங்க, 1948-ல் பெர்குசன் நீதிமன்றம் போனார். இதற்கிடையே 1946 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் டி.இ.20 என்ற சாம்பல் நிற டிராக்டர் அவர் பெயரில் உருவாகிக்கொண்டிருந்தது. பத்தே ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் அங்கிருந்து வெளியேறின.

இந்த டிராக்டர்களில் பம்பு பின்பக்க உறைக்குள், எண்ணெயில் மூழ்கியே இருக்கும். நான்கு சிறு பிஸ்டன்கள். அவற்றை ஓட்டுவது, பின்னால் மாட்டும் கருவிகளுக்குச் சக்தி கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு. கட்டுப்பாட்டு வால்வு உறிஞ்சும் பக்கத்தில், அதாவது பம்புக்கு முன்னால். லிவரை உயர்த்தினால்தான் பம்புக்குள் எண்ணெய் நுழையும். மற்ற நேரங்களில் பிஸ்டன்கள் அசைந்தாலும் எண்ணெய் நகராது. அதனால் எண்ணெய் வீணாகச் சூடாவதில்லை, எஞ்சின் சக்தியும் வீணாவதில்லை. சிறிய டிராக்டருக்கு இது மிகச் சிக்கனமான ஏற்பாடு.

விவசாயிகளின் தேவை கலப்பையோடு நிற்கவில்லை. மண்ணும் எருவும் கொட்ட டிப்பர் டிரெய்லர் வந்தது. முன்பக்கத்தில் லோடர் வந்தது. இவற்றின் சிலிண்டருக்கும் எண்ணெய் வேண்டும். கலப்பையைத் தூக்கும் லிப்டின் மூடியில் இருந்த அடைப்பைக் கழற்றி ஹோஸ் மாட்டினார்கள். லிப்ட் கைகள் எழும்பாமல் சங்கிலியால் கட்டினார்கள். லிப்ட் லிவராலேயே டிப்பரைத் தூக்கினார்கள். ஒருபக்கம் மட்டும் தள்ளும் சிலிண்டருக்கு இது போதும். இறங்குவதற்கு டிப்பரின் எடையே துணை.

தனி வால்வு வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பெர்குசன் அமைப்பில் பம்பின் வெளியேற்றம் நேராக லிப்ட் சிலிண்டரோடு இணைந்திருக்கிறது. அங்கே, நடுநிலையில் எண்ணெயைத் திறந்துவிடும் ஓபன் சென்டர் வால்வைப் பொருத்தினால், சிலிண்டரில் உள்ள எண்ணெய் அதன் வழியே தொட்டிக்கு ஓடிவிடும். தூக்கி வைத்த கலப்பை தரையில் இறங்கும். நடுநிலையில் வழியை அடைக்கும் வால்வோ, லிப்டையும் வெளிவேலையையும் பிரித்துவிடும் திசைமாற்று வால்வோதான் இங்கே சரி. கிளட்சை முழுதாக மிதித்தால் பி.டி.ஓ. நிற்கும், பம்பும் நிற்கும் என்ற குறையும் இருந்தது. லோடர் வைத்திருந்த அமெரிக்க விவசாயிகள் பலர் எஞ்சினின் முன்பக்கத்தில் தனிப் பம்பே வைத்துக்கொண்டது இதனால்தான்.

வழக்கின் நிபந்தனை ஃபோர்டை வேறு பாதைக்குத் தள்ளியது. 1953-ல் வந்த என்.ஏ.ஏ. டிராக்டரில் பம்பு எஞ்சினோடு இணைந்தது. கிளட்சை மிதித்தாலும் அது ஓடும். வால்வு பம்புக்குப் பின்னால் போனது. எண்ணெய் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை வரும்போது வால்வு அதை சிலிண்டருக்குத் திருப்பும். இந்த வகையில் கூடுதல் வால்வை பம்புக்கும் லிப்டுக்கும் இடையே தொடராகக் கோக்கலாம். ஆனால் முதல் வால்வின் தொட்டித் துவாரத்தை அடுத்ததின் நுழைவாயிலில் மாட்டிவிடக் கூடாது. அந்தப் பக்கம் குறைந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது; லிப்ட் பாரம் தூக்கும்போது முழு அழுத்தமும் அங்கே ஏறி, சீல் பிதுங்கும் அல்லது வால்வின் உடலே வெடிக்கும். அடுத்த வால்வுக்கு அழுத்தத்தோடு எண்ணெய் அனுப்ப ‘பவர் பியாண்ட்’ என்ற தனித் துவாரம் உள்ள வால்வு வேண்டும். தொட்டிக்குத் தனிக் குழாய் போக வேண்டும். அழுத்தம் எல்லை மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வு பம்பை ஒட்டி, எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டும்.

1960 ஆகஸ்டில் ஜான் டீர் தனது புதிய தலைமுறை டிராக்டர்களை டல்லாஸ் நகரில் காட்டியபோது மூன்றாவது வழி ஒன்று பரவலானது. தேவைக்கேற்ப எண்ணெய் அளவை மாற்றிக்கொள்ளும் பம்பு, நடுநிலையில் அடைத்து நிற்கும் வால்வுகள் என்ற குளோஸ்டு சென்டர் முறை அது. அதில் ஓபன் சென்டர் வால்வைப் பொருத்தினால் பம்பு ஓயாமல் முழு அளவு எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெய் சூடேறிக் கெடும்.

இந்தக் கிளைகளில் இரண்டு இந்தியாவுக்கும் வந்தன. பெர்குசன் நிறுவனம் 1953-ல் மாஸி ஹாரிஸோடு இணைந்து, பின்னர் மாஸி பெர்குசன் ஆனது. அதன் ஒத்துழைப்போடு 1960-ல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கியது. பெர்குசன் மரபு டிராக்டர்கள் அங்குள்ள செம்பியத்திலிருந்து தமிழ்நாட்டு வயல்களுக்குப் போயின. ஃபோர்டு மரபில் வந்த ஃபோர்டு 3000 டிராக்டரை 1970-களில் பரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் தயாரித்தது. இரண்டிலும் ஒரே டிப்பரை மாட்டலாம்; ஒரே வால்வை ஒரே விதமாக மாட்ட முடியாது.

ஆகவே ரிவர்சிபிள் கலப்பைக்கோ லெவலருக்கோ வால்வு வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பம்பை எது ஓட்டுகிறது, வால்வு எந்தப் பக்கம், நடுநிலையில் எண்ணெய் ஓடுமா நிற்குமா, ரிலீஃப் எத்தனை பவுண்டில் திறக்கும் என்ற நான்கையும் மெக்கானிக்கிடம் உறுதி செய்துகொண்ட பிறகே குழாயில் ஸ்பானர் வைக்க வேண்டும். பொருத்திய பின் ஒழுகலைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு அளவிலான அழுத்தத்தில் ஊசித் துளை வழியே வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் தோலுக்குள் போய்விட்டதென்ற சந்தேகம் வந்தாலே, வலி இல்லாவிட்டாலும், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.