கரும்புக் காட்டில் ஒரு பாஞ்சாலி

போன வாரம் புதுச்சேரிக் கடற்கரையில், மேஸ்திரியின் பேச்சை நம்பிப் படகேறியவர்களோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அவர்கள் கரையிறங்கிய தீவுக்குப் போவோம்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது ரீயூனியன். பழைய பெயர் பூர்போன். நடுவில் மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை, தென்கிழக்கே இன்றும் நெருப்பு கக்கும் எரிமலை, கடலோரமாகச் சுற்றிலும் கரும்பு. மொத்தப் பரப்பு 2,500 சதுர கிலோமீட்டர் சொச்சம். நம் பழைய தென்னாற்காடு ஜில்லாவில் கால் பங்குகூடத் தேறாது. இன்று அது பிரான்சின் ஒரு மாவட்டம், செலவழிப்பது யூரோ. அங்கே பிள்ளைகள் பிரெஞ்சில் படித்து, கிரியோலில் சண்டை போட்டு, விரதமிருந்து தீ மிதிக்கிறார்கள். அந்தத் தீ நம் பக்கத்துத் தீ. அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

1848 டிசம்பர் 20 அன்று தீவில் அடிமை முறை ஒழிந்தது. ஏறக்குறைய 62,000 பேர் விடுதலையானார்கள். விடுதலையானவர்களில் பெரும்பாலோர் பழைய எஜமானின் தோட்டத்தில் மறுபடி கால் வைக்க விரும்பவில்லை. யார்தான் விரும்புவார்கள்? கரும்பு வெட்ட ஆள் வேண்டும். முதலாளிகளின் கண் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. ஆனால் பிரெஞ்சு எல்லைக்குள் எத்தனை கிராமம் இருந்துவிடும்? ஒரு வாய்க்காலைத் தாண்டினால் ஆங்கிலேயர் சீமை. மேஸ்திரிகள் தென்னாற்காட்டுக்குள்ளும் தஞ்சாவூர்ப் பக்கமும் நுழைந்து ஆள் பிடித்தார்கள். இது ரகசியமாக நடந்து, புகாராகி, பேச்சுவார்த்தையாகி, கடைசியில் 1860 ஜூலை 25 அன்று இங்கிலாந்தும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டன. அதன்பின் கதவு அகலத் திறந்தது. 1882-ல் ஆங்கிலேய அரசு அதை மூடும் வரை மொத்தமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தத் தீவில் இறங்கிவிட்டார்கள். தமிழ் பேசியவர்களே அதிகம். அவர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'மல்பார்'.

ஏன் போனார்கள் என்று கேட்பவர்கள் நெய்வேலியிலிருந்து வடலூர் வரை ஒரு நடை போய்விட்டு வரலாம். 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அதே ஆண்டுகளில்தான் புதுச்சேரியிலிருந்து கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு ஜில்லாவில் சோற்றுக்கென்று அணையாத அடுப்பு ஒன்று வேண்டியிருந்தது என்றால், மேஸ்திரிக்கு அதிகம் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

தீவில் இறங்கியவர்கள் முதலில் பார்த்தது கரும்பை அல்ல, மதில் சுவரை. செயின்ட் தெனி நகருக்கு மேற்கே, இரண்டு மலைகளுக்கு இடையில் ஒடுங்கிக் கிடக்கும் லா கிராந்த் ஷாலூப் என்ற பள்ளத்தாக்கில் தொற்றுநோய்க் காப்பிடம் கட்டியிருந்தார்கள். காலரா, அம்மை பயம் தீரும் வரை அங்கேதான் அடைப்பு. பிறகு எண் போட்ட பதிவு, ஐந்து வருட ஒப்பந்தம், தோட்டம். ஆண் தொழிலாளிக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, கூடவே அரிசி, பருப்பு, உப்புமீன். பிரான்சின் ஐரோப்பிய மாவட்டங்கள் ரொட்டியில் வாழ, இந்த மாவட்டம் இன்றும் மூன்று வேளையில் இரண்டு வேளையாவது சோறும் 'கரி'யும் தின்பதில் அந்தப் படி அரிசிக்குப் பங்கு உண்டு.

சம்பளக் காசிலும் ஒரு வேடிக்கை நடந்தது. கெர்வெகன் என்று ஒரு பெரும் தோட்ட முதலாளி. தீவில் சில்லறைத் தட்டுப்பாடு. அந்த ஆள் 1859-ல் ஆஸ்திரியாவில் புழக்கத்திலிருந்து விழுந்த இருபது குரோய்ட்ஸர் வெள்ளிக் காசுகளை மூட்டை மூட்டையாக இறக்கி, ஒன்றுக்கு ஒரு பிராங்க் என்று ஓட்டிவிட்டார். அதிலிருந்த வெள்ளி ஒரு பிராங்க் பெறாது. இருபது வருடம் அந்தக் காசு 'கெர்வெகன்' என்றே தீவில் உருண்டது. 1879-ல் செல்லாது என்று அறிவித்தார்கள். விருத்தாசலம் பக்கத்து விவசாயி ஒருவர் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் முத்திரை போட்ட காசை முந்தியில் முடிந்துகொண்டு கரும்பு வெட்டிய காலம் ஒன்று இருந்தது என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது; கொஞ்சம் எரிச்சலும்.

கொடுமைகளைப் பற்றி இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. 1877-ல் கோல்ட்ஸ்மிட் என்ற ஆங்கிலேய மேஜர் ஜெனரலும் மியோ என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரும் சேர்ந்து விசாரித்தார்கள், அறிக்கை கொடுத்தார்கள். ஐந்து வருடம் கழித்து ஆள் அனுப்புவது நின்றது. நமக்கு வேண்டியது, அந்த வாழ்க்கைக்குள் இந்த மக்கள் எதை மறைத்து எடுத்துப் போனார்கள் என்பது.

வருடத்தில் அவர்களுக்கென்று உரிமையோடு கிடைத்த பெரிய விடுமுறை பொங்கல். அந்த நாட்களில் தோட்டத்து லயன்களிலிருந்து மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலம் புறப்படும். முன்னால் 'ஜாக்கோ' வருவான்: உடம்பெல்லாம் வண்ணம் பூசி, வால் கட்டி, சலங்கை போட்டுக்கொண்டு குதிக்கும் குரங்கு வேடக்காரன். வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் ஆடி, முதுகை வில்லாக வளைத்துத் தரையில் கிடக்கும் காசை வாயால் கவ்வி எடுப்பான். 1860களில் அந்துவான் ரூசேன் என்ற ஓவியர் தீவின் வாழ்க்கையைக் கல்லச்சுப் படங்களாக வெளியிட்டபோது இந்தியர்களின் திருநாளையும் விடவில்லை. ஜாக்கோ அனுமாரா, வெறும் குரங்கா, புலியாட்டத்தின் தூரத்து உறவா என்று அறிஞர்கள் வாதாடட்டும். வேடம் கட்டி வீடு வீடாகப் போய்க் காசு வாங்குகிற நம் ஊர்ப் பழக்கம்தான் அது. ஜாக்கோ இப்போது மேடை நிகழ்ச்சியில் எப்போதாவது தலைகாட்டுவதோடு சரி.

தோட்டத்து ஆலைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில், முதலாளி விட்டுக்கொடுத்த துண்டு நிலத்தில், மரப்பலகையும் கல்லும் வைத்துக் கோயில் கட்டினார்கள். உள்ளே மாரியம்மன், காளி, மதுரை வீரன், முனீஸ்வரன். எல்லோரும் பண்ணையாட்களின் சாமிகள். கோழியும் ஆடும் கேட்பவர்கள். ஆனால் தீவின் பெரிய தெய்வம் இவர்களில் யாரும் இல்லை. அவள் பாஞ்சாலி. தீவு வழக்கில் 'பாண்டியாலே'.

இங்கேதான் நம் ஜில்லா முழுதாகத் தெரிகிறது. திரௌபதியைக் குலம் காக்கும் அம்மனாகக் கும்பிடுவது தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவான வழக்கமில்லை. செஞ்சியை நடுவாக வைத்துத் தென்னாற்காடு, வடாற்காடு, செங்கல்பட்டு என்று விரியும் வட்டாரத்தின் வழிபாடு அது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் அதைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்களே எழுதினார். முதல் பாகம் 1988-ல் வந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் பிறந்தவர்களுக்குப் புத்தகம் தேவையில்லை. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசு மரம், அரவான் களப்பலி, மண்ணில் மல்லாந்து கிடக்கும் துரியோதனன், படுகளம், கூந்தல் முடிப்பு, சாயங்காலம் தீமிதி. சின்ன வயதில் ஒரு தடவை பார்த்தவர்கள் வரிசையை மறக்கமாட்டார்கள்.

ரீயூனியனில் காப்புக் கட்டியவர் பதினெட்டு நாள் விரதம் இருக்கிறார். பாரதப் போர் பதினெட்டு நாள் அல்லவா. புலால் இல்லை, மது இல்லை, தனிப்படுக்கை. இடையில் பாண்டியாலேக்கும் அர்ச்சுனனுக்கும் கல்யாணம் நடக்கிறது. கடைசி நாள் ஆற்றிலோ கடலோரத்திலோ கரகம் ஜோடித்து மஞ்சள் உடையில் ஊர்வலம். தீக்குழியைத் தாண்டியதும் பால் ஊற்றிய பள்ளத்தில் கால் நனைப்பு. செயின்ட் அந்த்ரே, செயின்ட் லூயி பக்கத்து ஆலைக் கோயில்களில் ஆண்டு தவறாமல் நடக்கிறது. கரும்பு வெட்டும் கூலிகளுக்கு ஏன் இவள் மேல் இத்தனை பிடிப்பு? என் ஊகம் ஒன்றுண்டு. ராஜ்யம் இழந்து, காட்டுக்குப் போய், அடையாளத்தை மறைத்து, இன்னொருவன் அரண்மனையில் வேலைக்காரியாக நின்றவள் அவள். தன் காலம் வரும்வரை கூந்தலை முடியாமல் காத்திருந்தவள். ஐந்து வருட ஒப்பந்தத்தை எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிட நெருங்கிய கதை எது?

தீமிதிக்கு முன் விடிய விடியக் கூத்து. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'பால் தமூல்' என்றார்கள், தமிழர் நடனக் கச்சேரி என்கிற மாதிரி. ஆடியவர்கள் சொன்னது 'நார்ல்கோன்'. நாடகம்தான் நாக்கில் உருண்டு அப்படி ஆகிவிட்டது. கண்ணாடிச் சில்லு பதித்த மரக்கிரீடம், தோளில் புஜக்கட்டை, முகத்தில் அரிதாரம். புரிசைக் கூத்துக்காரர் பார்த்தால் நம்ம செட்டு என்பார். குழுவின் தலைவர் வாத்தியார். சனிக்கிழமை இரவுகளில் யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுத் தொடங்கினால் ஞாயிறு விடிகிற வரை ஓடும். பாட்டு தமிழில். பார்ப்பவர்களுக்கோ இரண்டு மூன்று தலைமுறைக்குள் தமிழ் புரியாமல் போய்விட்டது. வாத்தியார் பாட்டை நிறுத்தி, கிரியோலில் கதை சொல்லி, மறுபடி பாட்டுக்குப் போவார். பாட்டுகளைக் கையெழுத்து நோட்டில் வைத்திருந்தார்கள். தமிழ் எழுத்து தெரிந்த வாத்தியார்கள் குறைந்தபோது அதே பாட்டை ரோமன் எழுத்தில், காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்வது கேவலம் என்று நம்மில் சிலர் நினைக்கலாம். மந்திரம் சொல்கிற எத்தனை பேருக்கு அர்த்தம் தெரியும்?

மாதாகோயிலும் சும்மா இருக்கவில்லை. மத சுதந்திரம் ஒப்பந்தத்தில் இருந்தாலும், ஞானஸ்நானம் பெற்றவனுக்கே ஊரில் மரியாதை. பிள்ளைகளுக்கு ழான், மரி என்று பேர் வைத்தார்கள். கப்பலில் வந்தவரின் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராக நின்றுவிட்டது: குமாஸ்தா காதில் விழுந்தபடி ராமசாமி, முத்துசாமி, 'வீராப்புல்லே'. 1889-ல் பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டம் மாறியதும் தீவில் பிறந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் ஆனார்கள். ஞாயிறு காலை பூசைக்குப் போவது, அன்று மாலையே மதுரை வீரனுக்குச் சேவல் அறுப்பது. இதில் முரண்பாடு இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. தீவின் சாலையோரங்களில் செக்கச்செவேலென்று சாயம் அடித்த குட்டிக் கூண்டுகளில் செயின்ட் எக்ஸ்பெதி என்ற ரோமானிய வீரப் புனிதர் நிற்கிறார். கேட்டதைச் சட்டென்று கொடுப்பவர், வேண்டுதலை மறந்தால் விடமாட்டார் என்று பேர். எல்லைச்சாமியைப் பார்த்து வளர்ந்த மல்பார் குடும்பங்கள் அவருக்கும் சூடம் ஏற்றின.

வீட்டுக்குள் வருடத்துக்கு ஒரு நாள் செத்தவர்களுக்குப் படையல். சாம்பிராணிப் புகை போட்டு, வாழையிலையில் அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பார்கள். தாத்தா ரம் குடித்தவராக இருந்தால் ரம், புகைத்தவராக இருந்தால் புகையிலை. ஆட்டுக்கறிக்கு மசாலையை வீட்டுக் கல்லிலேயே இடிப்பார்கள். கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் சந்தையில் ஏறக்குறைய நம் பேரிலேயே விற்கின்றன. சமையலறை விஷயத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை. அது தன்னைத்தானே பார்த்துக்கொண்டது.

கவலை வேறிடத்தில். 1970களுக்குப் பிறகு தீவுத் தமிழர்களிடம் வசதி வந்தது, வேரைத் தேடும் ஆசையும் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் போனார்கள். பலகைக் கோயில்கள் இடிந்து, வண்ண வண்ணச் சிலைகளோடு கோபுரங்கள் எழுந்தன. குருக்கள் போனார்கள். ஆகமம், அபிஷேகம், சமஸ்கிருத அர்ச்சனை போயின. ஆடு வெட்டுவது அநாகரிகம், 'பாண்டியாலே' தப்பு உச்சரிப்பு, நீங்கள் செய்வது இந்து மதமே இல்லை என்று சொல்ல ஆள் கிடைத்தார்கள். பெரிய கோயில்களில் பலி நின்றது. தோட்டத்துச் சின்னக் கோயில்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பால் தமூல் தேய்ந்தது. ஆலை முதலாளியும் பாதிரியாரும் நூறு வருடத்தில் துடைக்க முடியாததை, ஊரிலிருந்து போன மரியாதைக்குரியவர்கள் முப்பதே வருடத்தில் ஓரங்கட்டினார்கள். வேர் என்று அவர்கள் காட்டியது, கப்பலேறியவர்கள் ஒருநாளும் உள்ளே நுழைய விடப்படாத கோயில்களின் வழக்கத்தை. இதை எழுதினால் கடிதம் வரும் என்று தெரியும். வரட்டும்.

நம் பக்கம் நிலைமை மேல் என்று சொல்ல முடியாது. 1957 மே 20 அன்று நேரு நெய்வேலிச் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தபின், பழுப்பு நிலக்கரிக்காக ஊர் ஊராக இடம் மாறியது. நிலத்துக்குக் கணக்குப் போட்டார்கள், வீட்டுக்குப் போட்டார்கள். கூத்து நடந்த களத்துமேட்டுக்குக் கணக்கு கிடையாது. இரவு முழுதும் ஆட ஒரு மேடும், பார்க்க ஒரு ஊரும் சேர்ந்திருந்தால்தான் பாரதம் நடக்கும். பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டில் காவடிகள் சேரும்போது, முன்பு எந்த ஊர் என்று பெரியவர்கள் ஒருவரையொருவர் விசாரிப்பதை இப்போதும் கேட்கலாம். வட்டம், வீட்டு எண் சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி பிடிபடுவதில்லை.

தீவில் இப்போது இளைஞர்கள் சிலர் பழைய வாத்தியார்களின் நோட்டுகளைத் தேடுகிறார்கள். ரோமன் எழுத்தில் கிடக்கும் பாட்டைத் தமிழுக்குத் திருப்ப நம் கூத்துக்காரர்களின் காது வேண்டும். எழுத்தாக வாசித்தால் ஒன்றும் விளங்காத வரிகள் ராகத்தோடு பாடினால் விளங்கும்.

இங்கிலாந்தும் பிரான்சும் போட்ட 1860-61 ஒப்பந்தங்கள் இந்த ஒரு தீவுக்கு மட்டுமானவை அல்ல. பிரான்சுக்கு அட்லாண்டிக்கின் மறுகரையிலும் கரும்புத் தீவுகள் இருந்தன. ஒப்பந்தங்களுக்கும் முன்பே, 1854 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியக் கூலிகளை ஏற்றிக்கொண்டு குவாதலூப் தீவின் பொயிந்த் ஆ பீத்ர் துறையை அடைந்தது. மதுரை வீரன் அங்கே 'மல்தேவிலின்' ஆன கதை அடுத்த வாரம்.