எந்த ஊர் ஏழை?

வறியோரைக் காப்பது ஊரின் கடமை என்று சட்டம் இயற்றுவது எளிது. எந்த ஊரின் கடமை என்ற வினா எழும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இங்கிலாந்து இவ்வினாவோடு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் மல்லாடியது.

எலிசபெத் அரசியாரின் இறுதிக் காலத்தில், 1601-இல், அந்நாட்டின் வறியோர் சட்டம் முழு வடிவம் பெற்றது. 'பாரிஷ்' எனப்படும் திருச்சபை வட்டாரம் ஒவ்வொன்றும் தன் எல்லையிலுள்ள முதியோரையும் ஊனமுற்றோரையும் ஆதரவற்ற சிறாரையும் பராமரிக்க வேண்டும். அதற்கென வரி தண்ட வேண்டும். தண்டியதைச் செலவிட மேற்பார்வையாளர் இருத்தல் வேண்டும். அக்காலத்திற்கு இது பெரிய ஏற்பாடே. ஆனால், வரி கொடுத்தோர் உள்ளத்தில் ஓர் அச்சம் புகுந்தது: அடுத்த ஊர் ஏழை நம்மூரில் தங்கிவிட்டால்?

அவ்வச்சம் 1662-இல் சட்டமாயிற்று. ஆண்டுக்குப் பத்துப் பவுனுக்குக் குறைந்த மதிப்புள்ள வீட்டில் ஒருவர் புதிதாகக் குடிவந்தால், நாற்பது நாட்களுக்குள் மேற்பார்வையாளர் முறையிடலாம். நீதிபதிகள் இருவர் ஆணையிட்டு, அவருக்கு உரிமையுள்ள ஊருக்கு அவரைத் திருப்பியனுப்பலாம். அவர் உதவி கேட்டிருக்க வேண்டியதில்லை. நாளை கேட்கக்கூடும் என்ற ஐயமே போதும்!

பின்வந்த சட்டங்களால், மணமாகாதவர் ஓராண்டு முழுதும் ஒரே முதலாளியிடம் ஊழியம் செய்தால் அவ்வூரில் உரிமை உண்டாயிற்று. விளைவு யாது? ஐம்பத்தோரு வாரங்களுக்கு மட்டுமே ஆளமர்த்தும் வழக்கம் பல இடங்களில் தோன்றிற்று. மனைவிக்குக் கணவனின் ஊரே ஊர், அவள் அதைக் கண்ணாற் கண்டிராவிடினும். மணமாகாத தாயின் மகவுக்கோ பிறந்த இடமே உரிமையிடம். எனவே பேறுகாலம் நெருங்கிய ஏழைப் பெண்களை எல்லைக்கு அப்பால் விரட்டிய ஊர்களும் இருந்தன. கருணைக்கென எழுந்த சட்டம் இவ்வளவு கொடுமைக்கு இடந்தந்ததே என்று எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

ஆடம் ஸ்மித் 1776-இல் இம்முறையைக் கடுமையாகச் சாடினார். அவர் சற்று மிகைப்படுத்தினார் என்போரும் உளர். சொந்த ஊரின் சான்றிதழோடு வெளியூரில் வாழ்ந்தோர் பலர் என்பது அவர்கள் வாதம். எவ்வாறாயினும், உண்மையில் உதவி நாடியவரையன்றிப் பிறரை வெளியேற்றலாகாது என்ற விதி வந்தது 1795-இல்தான். ஓரிடத்தில் ஐந்தாண்டு வாழ்ந்தவரை அகற்றக்கூடாது என்று 1846-இல் விதித்தனர். ஆயினும், மறு ஆண்டே பஞ்சத்துக்குத் தப்பி லிவர்பூலில் கரையேறிய அயர்லாந்து மக்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பப்பட்டனர்.

என் கருத்தில், உண்மையான திருப்பம் 1865-இல் நேர்ந்தது. செலவு அதுமுதல் தனித்தனி ஊரின் தலையில் விழாமல், பல ஊர்கள் சேர்ந்த ஒன்றியத்தின் பொதுநிதிக்கு மாறியது. ஐந்தாண்டாயிருந்து 1861-இல் மூன்றாகக் குறைந்திருந்த தவணையும் ஓராண்டாயிற்று. பணப்பை பொதுவானதும், அண்டை ஊரானைத் துரத்துவதில் ஆதாயம் குறைந்துவிட்டது. பழைய வறியோர் சட்டம் முற்றாக நீங்கியது 1948-இல்.

இக்கதையில் ஏழையின் குரலும் கேட்கிறது. வெளியூரில் வாழும் தன் ஏழைக்குச் சொந்த ஊரே பணம் அனுப்பிவைப்பதும் உண்டு. குடும்பத்தோடு வரவழைத்துப் பேணுவதைவிட அது மலிவு. அப்பணம் வேண்டி எழுதப்பட்ட கடிதங்கள் எசெக்ஸ் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கில் எஞ்சியுள்ளன. எழுத்துப்பிழை மலிந்த அம்மடல்களில் பணிவான வேண்டுகோள் இருக்கும். கூடவே பலவற்றில் ஓர் எச்சரிக்கையும் இருக்கும்: பணம் வராவிட்டால் மனைவி மக்களோடு ஊர் திரும்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.