வென்றவளுக்கு என்ன பெயர்?

சீனத்தில் பெண்கள் விளையாட்டரங்கில் வெல்வது புதிதன்று. வென்றவளை என்ன சொல்லி அழைப்பது என்பதில்தான் அந்நாட்டு ஊடகங்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தடுமாறி வருகின்றன. பதக்கப் பட்டியல்களைவிட, வீராங்கனைகளுக்குச் சூட்டப்பட்ட பெயர்களே அந்த வரலாற்றை நமக்குத் தெளிவாகச் சொல்கின்றன.

1933-இல் நான்ஜிங்கில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில், ஹாங்காங்கிலிருந்து வந்த யாங் சியூசியோங் என்ற பதின்வயதுப் பெண் நீச்சலில் வெற்றிகளைக் குவித்தாள். பத்திரிகைகள் அவளுக்கு இட்ட பெயர் 'கடற்கன்னி'. நீந்திய வேகத்தைக் காட்டிலும் நீச்சலுடையில் எடுத்த படமே அதிகம் பேசப்பட்டது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலிருந்து அவள் பதக்கமின்றித் திரும்பினாள். ஆனால் அந்தப் பெயர் மட்டும் அவளை விட்டு நீங்கவேயில்லை.

1949-க்குப் பின் அலங்காரச் சொற்கள் மறைந்தன. 1957 நவம்பரில் செங் ஃபெங்ரோங் 1.77 மீட்டர் உயரம் தாண்டி உலகச் சாதனை படைத்தபோது, அது புதிய நாட்டின் பாய்ச்சலாகக் கொண்டாடப்பட்டது. 1981-இல் மகளிர் கைப்பந்துக் குழு ஜப்பானில் உலகக் கோப்பையை வென்றது. 1986-க்குள் தொடர்ந்து ஐந்து உலகப் பட்டங்கள் கைவந்தன. 'இரும்புச் சம்மட்டி' லாங் பிங்கும் தோழியரும் காட்டிய மன உறுதி ஆலைத் தொழிலாளிக்கும் மாணவனுக்கும் பாடமாயிற்று. இங்கே பெண் பெருமை பெற்றாள், ஐயமில்லை. ஆயினும் அது தேசத்தின் மகளுக்குரிய பெருமை.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் சீனா பெற்ற 16 தங்கங்களில் 12 பெண்களுடையவை. அக்காலத்தில் ஊடகங்களில் புழங்கிய தொடர், 'யின் ஓங்கியது, யாங் தேய்ந்தது' என்பது. யின் பெண்மை, யாங் ஆண்மை. மரபு மருத்துவத்தில் உடலின் சமநிலை குலைவதைக் குறிக்கும் சொல் இது. பெண்களின் வெற்றிக்கு நோயின் பெயர் கிடைத்தது!

மறு ஆண்டு ஸ்டுட்கார்ட் உலகத் தடகளப் போட்டியில் சீனப் பெண்கள் 1500, 3000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றார்கள். அவர்கள் பயிற்சியாளர் மா ஜுன்ரெனின் பெயரால் 'மா குடும்பப் படை' என்றே அறியப்பட்டார்கள். அச்சாதனைகளைச் சூழ்ந்த ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு தனிக்கதை. ஓடிய கால்கள் பெண்களுடையவை, பெயர் மட்டும் ஓர் ஆணுடையது என்பதே நாம் இங்கே கவனிக்க வேண்டியது.

2021 ஆகஸ்டில் டோக்கியோவில் கொங் லிஜியாவ் தம் நான்காவது ஒலிம்பிக்கில் 20.58 மீட்டர் குண்டெறிந்து தங்கம் வென்றார். அரசுத் தொலைக்காட்சியின் நேர்காணலில் அவரைக் குறிக்க 'ஆண்பிள்ளை போன்ற பெண்' என்ற சொல் வந்தது. திருமணம் எப்போது என்ற பேச்சும் எழுந்தது. இம்முறை வெய்போ தளத்தில் பொதுமக்களே கொதித்தெழுந்தார்கள். ஒரு பெண்ணிடம் பேசத் திருமணத்தைத் தவிர வேறொன்றும் இல்லையா என்று கேட்டார்கள்.

பயிற்சிக்கூடத்தின் கதவைப் பெண்களுக்குத் திறந்துவிட்ட அரசின் ஊடகத்தில், அவர்களுக்கான சொல் மட்டும் இன்னும் பிறக்கவில்லை. அழகி, மகள், படைவீரி, ஆண்பிள்ளை என்று எத்தனையோ பெயர்கள். ஓர் ஆண் வென்றால் 'வெற்றியாளன்' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது. வென்ற பெண்ணுக்கும் அந்த ஒரு சொல் போதும்.